பின்பக்கத்து ஜன்னல்

— அந்தப் பின்பக்கத்து ஜன்னலைச் சாத்தாதம்மா. காத்தை அளக்கற மெஷின் இன்னும் ஓடிட்டிருக்கு.

— நேத்துலேருந்து கொர்ருன்னு ஒரே சத்தம். இதுக்கு உங்கப்பா குறட்டையே தேவலாம். கொடியில கிடக்கிற துணியை எடுத்துட்டுச் சாத்திடறேன்.

— சாத்தாதேன்னா சாத்தாத. இன்னொரு தடவை நம்பரைப் பாத்துக்கறேன்.

— எத்தனை தடவைடி பாப்ப? நீ பாக்கப் பாக்க உன் மூஞ்சிதான் தொங்கிட்டே போகுது. காத்து சுத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னா நான் சின்னவ கட்டிலைத் தட்டிப் போட்டுடுவேன். ஞாயித்துக்கிழமை வர்றா. மறுநாள் பள்ளிக்கூடம்.

— கட்டிலைப் போடாத.

— ஏன்?

— அவ இங்க வரக் கூடாது.

— இது என்ன பேச்சு? பெத்த பிள்ளையைப் பெரியம்மா வீட்ல எத்தனை நாளுக்கு விட்டு வெக்கிறது? எங்க அக்கா நல்லவதான், அதுக்காக? அங்க போனதுலேருந்து இழுப்பே வரலையாம். மாடிப்படியில ஓடறாளாம். இப்ப கூட்டிட்டு வராம எப்பக் கூட்டிட்டு வர்றது?

— அங்க நல்லா இருக்கா. அதனாலதான் சொல்றேன், அங்கயே இருக்கட்டும்.

— அங்க புகை இல்ல, நல்லா இருக்கா. இங்கயும்தான் இப்பப் புகை இல்லையே. உங்கப்பா வேனைத்தான் வித்தாச்சே.

— அம்மா, கொஞ்சம் உக்காரு.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். காது காலிலயா இருக்கு?

— வீதிப்பக்கம் ஒரு மெஷின் வெச்சேன். பின்பக்கம் ஒண்ணு வெச்சேன். பாத்தியா?

— அதான் பாத்தேனே. ரெண்டு மாப்பிள்ளை மாதிரி ஆளுக்கொரு ஜன்னல்ல உக்காந்திருக்கு.

— வீதிப்பக்கம் நல்லா இருக்கு. சந்து ரெண்டு பக்கமும் தொறந்து கிடக்கு, காத்து வருது, போகுது. எது வந்தாலும் கொஞ்ச நேரத்துல இழுத்துட்டுப் போயிடுது. பின்பக்கம்தான் மோசம். ராத்திரியும் மோசம், பகல்லயும் மோசம். அங்கதான் நாம அவ கட்டிலைப் போட்டோம்.

— நாம இல்ல. நீ போடச் சொன்ன. வீதிப்பக்கம் வண்டிப் புகை வருது, அதைச் சாத்து, பின்னாடி ரோடே கண்ணுல படல, அதைத் தொறன்னு சொன்ன. நான்தான் தனியா அந்தக் கட்டிலை இழுத்தேன். இடுப்பு புடிச்சுக்கிட்டது.

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— அப்புறந்தானே அவளுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. அன்னிக்கு உதடெல்லாம் நீலம் பாஞ்சு...

— சொல்லாத. ஞாபகம் இருக்கு.

— பின்னாடி எங்கேருந்து வரும்டி புகை? பின்னாடி அந்தப் பெரிய கட்டடத்தோட முதுகுதான் இருக்கு. பெரிய ரோடு அதுக்கும் அந்தப் பக்கம். அவ்ளோ உயரத்துக்கு ஒரு சுவரு நிக்கும்போது புகை எப்படித் தாண்டி வரும்?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுவும் இதையே படிச்சுட்டு வந்து நெனச்சேன். இங்க வா. சிங்க்குக்கு வா.

— எதுக்கு?

— வாயேன். அந்தத் தட்டைச் சாய்ச்சு வை. குழாயைத் தொற, மெதுவா. தட்டுல தண்ணி வழியுதா? அதுதான் காத்து. இப்ப நடுவுல இந்த டம்ளரைக் கவுத்து வெக்கறேன். அதுதான் அந்தக் கட்டடம்.

— டம்ளர் கழுவுனது. சோப்பு போட்டுடாத.

— சோப்பு நுரைதான் வேணும். டம்ளருக்கு முன்னாடி கொஞ்சம் விடறேன். அந்த நுரைதான் ரோட்டுப் புகைன்னு வெச்சுக்க. இப்பப் பாரு, எங்க போகுது?

— ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டுப் போகுது.

— போகட்டும். டம்ளருக்குப் பின்னாடி பாரு.

— ...அங்க வந்து நின்னுடுச்சு.

— நிக்கல. சுத்துது. நல்லாப் பாரு. தண்ணி இவ்ளோ வேகமாப் போகுது, அந்த நுரை மட்டும் டம்ளரோட முதுகை விட்டுப் போகமாட்டேங்குது. அங்கயே சுத்திச் சுத்தி வருது. நாம அங்கதான் இருக்கோம்மா. காத்து அந்தக் கட்டடத்துல மோதி, தலைக்கு மேல ஏறி, பக்கத்துல சுத்தி, இந்தப் பக்கம் உள்ள விழுது. ரோட்டுல ஓடற அத்தனை வண்டிப் புகையும் அதோட வருது. வந்தா வெளிய போக வழியில்ல. நம்ம பின்சுவருக்கும் அவங்க பின்சுவருக்கும் நடுவுல, கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி.

— அதான் அங்க காகிதக் குப்பையெல்லாம் சுத்திக்கிட்டே கிடக்குதா? பிளாஸ்டிக் பை ஒண்ணு இருக்கு, எப்ப எட்டிப் பாத்தாலும் ஏறும், இறங்கும். சின்னவ அதுக்குப் பேரு கூட வெச்சிருந்தா.

— என்ன பேரு?

— உன் பேருதான். ஒரு இடத்துல உக்காராம எகிறிக்கிட்டே இருக்காம்.

— ...சிரிக்காத.

— நானா சிரிக்கறேன்? இந்தா, இந்தத் துண்டைப் பாரு. காலையிலதான் காயப் போட்டேன். விரலை வெச்சா கரி ஒட்டுது. சோப்புதான் சரியில்லன்னு நெனச்சு எத்தனை சோப்பு மாத்திட்டேன். கடைக்காரர்கிட்ட சண்டை வேற. பாவம் அந்த மனுஷன், போலிச் சோப்பு விக்கறியான்னு நாலு பேரு முன்னாடி கேட்டுட்டேன்.

— நீ கடைக்காரரைக் கேட்ட. நான் அப்பாவைக் கேட்டேன். சொல்லும்மா. நான் என்ன கேட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும்.

— இப்ப எதுக்கு அது?

— சொல்லு.

— சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நீ மெஷினைக் கொண்டாந்து தட்டுக்குப் பக்கத்துல வெச்ச. 'இதைப் பாருங்க. தினமும் விடியக் காலையில நீங்க ஸ்கூல் வேனை ஸ்டார்ட் பண்ணி ஜன்னலுக்குக் கீழ சூடு பண்றீங்கல்ல, அது நேரா சின்னவ நெஞ்சுக்குள்ள போகுது. உங்க பொண்ணு மூச்சை நீங்களே அடைக்கறீங்க'ன்ன.

— அப்படியேவா சொன்னேன்?

— அப்படியேதான். நீ எதையும் பூசி மெழுகிச் சொன்னதில்லையே.

— அவர் என்ன சொன்னாரு?

— கையைக் கழுவிட்டு எழுந்தாரு. சோறு பாதி அப்படியே கிடந்துச்சு.

— அம்மா, நான் என்ன பண்ணேன் தெரியுமா? வீதிப்பக்கத்து ஜன்னல்ல மட்டும்தான் மெஷின் வெச்சேன். வண்டி ஸ்டார்ட் பண்ற நேரம் மட்டும்தான் அளந்தேன். வண்டிக்கு மேலயே மெஷினை வெச்சா நம்பர் ஏறாம என்ன பண்ணும்? அதுக்கப்புறம் எவ்ளோ சீக்கிரம் இறங்குதுன்னு பாக்கல. வீட்டுக்கு இன்னொரு ஜன்னல் இருக்குன்னு நெனைக்கல. சந்தேகப்பட்ட ஆளைப் புடிச்சு வெச்சு அடிச்சா அவன் ஒத்துக்கத்தானே செய்வான். அந்த மாதிரி அளந்தேன்.

— வண்டிப் புகையும் புகைதானே.

— புகைதான். நல்லதுன்னு சொல்லல. ஆனா அவளுக்கு வந்தது அதால இல்ல. அவளுக்கு எப்பம்மா முதல்ல இழுத்தது? யோசிச்சுப் பாரு. அப்பா அந்த வேனைப் பல வருஷமா ஓட்டினாரு. அவ கைக்குழந்தையா இருந்தப்பவும் அது கீழதான் நின்னுச்சு.

— அந்தக் கட்டடம் எழும்பின வருஷம்.

— அந்த வருஷம்தான். அவ வீட்டுப்பாடம் எங்க உக்காந்து எழுதுவா?

— பின்பக்கம். அங்கதான் வெளிச்சம் இருக்கும்.

— எங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க தெரியுமா? மெஷினை மொட்டை மாடியில கொண்டுபோய் வெப்பாங்க. அங்க காத்து ஜிலுஜிலுன்னு இருக்கும். இந்தத் தெரு நல்ல தெருன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க. மனுஷன் என்ன காக்காவா, மொட்டை மாடியில மூச்சு விட? நான் வேலையில சேர்ந்த புதுசுல இதுக்காக மேனேஜரோட மல்லுக்கு நின்னேன். தப்பான இடத்துல வெச்சா தப்பான பதில்தான் வரும்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். வீட்டுக்கு வந்து நானும் அதையேதான் பண்ணியிருக்கேன். ஏம்மா, ஒருத்தராவது என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்ல? இவ சொல்றது சரியான்னு?

— நல்லாக் கேட்ட போ. நாங்க மழைக்குக் கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்ல. வீட்ல மொத மொத படிச்சவ நீ. நீ சொன்னா அதுக்கு மேல கேள்வி ஏது? உன்னைப் படிக்க வெச்சதே எங்களுக்காக நீ கேள்வி கேப்பன்னுதான்.

— அதான் எனக்குத் தாங்கல. என் மேல காட்ட வேண்டிய சந்தேகத்தை எல்லாம் நீங்க அவர் மேல காட்டிட்டீங்க.

— காட்டினது நாங்க இல்ல, அவரேதான். யாரு விக்கச் சொன்னா? தெருமுனையில நிறுத்துங்க, அங்கேருந்து எடுத்துக்கலாம்னு நானே சொன்னேன். கேக்கல. அந்த வண்டியில கையை வெக்க முடியலைன்னுட்டாரு. என்னன்னு கேட்டா, 'வண்டிக்கு வயசாயிடுச்சு'ன்னாரு. பிள்ளைங்க ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி வெச்ச வண்டி. ஒரு ஸ்டிக்கரைக் கூடச் சுரண்ட விடாத மனுஷன். வாங்க வந்தவன் ஓட்டிப் பாக்கறேன்னப்போ இவரு வெளிய வந்தே பாக்கல.

— இப்ப அவரு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது எங்க? அந்தக் கட்டடத்துலயே. கீழ்த்தளத்துல, கார் இறங்கற சரிவுல, ஒரு விசிலை வாயில வெச்சுக்கிட்டு.

— கிடைச்ச வேலையை எடுத்துக்கிட்டாரு. நீ வேற அதுக்கு ஒரு மெஷினைத் தூக்கிட்டுப் போயிடாத.

— இன்னிக்கு வந்ததும் சொல்லிடப் போறேன்.

— எதை?

— காரணம் வண்டி இல்லன்னு. நான் தப்பா அளந்துட்டேன்னு.

— சொல்லாத.

— அம்மா.

— சொல்லாதடி. நான் சொல்றதைக் கேளு. அந்த மனுஷன் இப்ப எப்படி இருக்காருன்னு நீ பாக்கற இல்ல? வந்ததும் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறாரு. தோலு உரியற மாதிரி. விசில் ஊதற வேலையில கையில என்ன அழுக்கு ஒட்டப் போகுது? கேட்டா 'டீசல் வாடை'ங்கறாரு. வண்டி போயே எவ்ளோ காலமாச்சு. இன்னும் அந்த வாடை அவரு மூக்கை விட்டுப் போகல. அவ்ளோ ஆசை அந்த வண்டி மேல.

— என் மேல கோவம்னு நெனச்சேன்.

— கோவம் இருந்தாத்தான் பரவாயில்லையே. ஒரு சத்தம் போட்டா ஆறிடும். சின்னவ போன் பண்ணா எடுக்கறதில்ல. 'அப்பாகிட்டக் கொடும்மா'ங்கறா. நான் நீட்டினா, தொண்டையைக் காட்டி ஜாடை பண்றாரு, சரியில்லையாம். போன மாசம் நானும் அவரும் அக்கா வீட்டுக்குப் போனோம்ல, வாசல் கேட்டுக்கிட்டயே நின்னுட்டாரு. அவ ஓடி வந்தா கட்டிக்க. இவரு ரெண்டடி பின்னாடி போய், 'பஸ்ஸுக்கு நேரமாச்சு'ங்கறாரு. வண்டியில ராஜா மாதிரி போய் இறங்கின மனுஷன், பஸ்ல போய் நிக்கறது கூச்சமாப் போச்சுபோல.

— அவளைத் தொடவே இல்லையா?

— தலையில கூடக் கை வெக்கல. எல்லாம் அந்த வண்டியை வித்த துக்கம்தான், வேற என்ன? ஆனா ஒண்ணு. வண்டியைக் கொடுத்தோம், பிள்ளை மூச்சு திரும்பிச்சுன்னு ஒரு நெனப்பு இருக்கு பாரு, அதுலதான் நடமாடிக்கிட்டிருக்காரு. இப்ப நீ போய், அது வீணாக் கொடுத்ததுப்பான்னு சொன்னா அதையும் புடுங்கிக்கிட்ட மாதிரி. ஒரு தடவை புடுங்கினது போதும்.

— அப்ப ஞாயித்துக்கிழமை அவ ஏன் வரலைன்னு கேப்பாரே?

— வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாருன்னு சொல்லுவோம். வேற வீடு பாப்போம். பாத்துட்டு அங்க கூட்டிட்டு வருவோம். நீயே மெஷினை வெச்சுப் பாத்து எடு, எல்லா ஜன்னல்லயும் வை. நான் வேணாங்கல. ஆனா அந்த மனுஷன்கிட்ட வண்டிப் பேச்சை எடுக்காத.

— பொய் சொல்லச் சொல்ற.

— ஆமா, சொல்லு. உண்மையைச் சொல்லித்தான் என்னத்தைக் கண்டோம்? அதுவும் நீ சொன்ன உண்மை பொய்யாத்தான் போச்சு. ஐயோ, கோவிச்சுக்காதடி. வாய் தவறி வந்துடுச்சு.

— இல்ல, சரியாத்தான் வந்துச்சு.

— செருப்புச் சத்தம். வந்துட்டாரு. குழாயை மூடு, டம்ளரை எடு. கண்ணைத் தொடை.

— என்ன, ஆத்தாளும் பொண்ணும் சிங்க்குல படகு விடறீங்களா?

— பாத்திரம் கழுவறோம். நீங்க கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு சூடா இருக்கு.

— ரைட்டு. அந்த சோப்பு எங்க? நேத்து புதுசு வெச்சிருந்தேனே.

— அதுக்குள்ள பாதி கரைஞ்சாச்சு. சோப்பைக் கழுவறீங்களா, கையைக் கழுவறீங்களா?

— விடு. இன்னிக்கு ஒருத்தன் வந்தான் பாரு, வீடு மாதிரி காரு. ரிவர்ஸ் எடுக்கத் தெரியல. விசில் ஊதி ஊதி என் கன்னமே வீங்கிடுச்சு. இறங்கிப் போகும்போது எனக்கே வணக்கம் வெக்கறான், அவன் காரை நான் பெத்துக் கொடுத்த மாதிரி. என்ன மேடம், சிரிக்க மாட்டீங்களா? மெஷின் என்ன சொல்லுது?

— ஓடிட்டிருக்குப்பா.

— ஓடறது தெரியுது. ரிசல்ட்டு என்ன? சின்னவ வரலாமா?

— சாப்பிட உக்காருங்க முதல்ல. வந்ததும் வராததுமா என்ன ரிசல்ட்டு கேட்டுக்கிட்டு. அந்த வீட்டுக்காரர் வேற இன்னிக்கு...

— அம்மா, வேணாம்.

— பெரியவளே, நான் சொன்னதை நெனச்சுக்க.

— நெனச்சுக்கிட்டேன். என்னால முடியல. அப்பா, குழாயை மூடிட்டு இங்க வாங்க.

— இரு, கை இன்னும் நாறுது.

— நாறலப்பா. மூடுங்க.

— ...ரைட்டு. மூடியாச்சு. சொல்லு.

— சின்னவ இந்த வீட்டுக்கு வரக் கூடாது. காத்து அப்படியேதான் இருக்கு. முன்னாடி எப்படி இருந்துச்சோ அதே மாதிரி.

— வண்டிதான் இல்லையே?

— வண்டி இல்ல. அதான் சொல்றேன். வண்டி இல்லாமலே அப்படித்தான் இருக்கு. புகை பின்பக்கத்துலேருந்து வருது. பெரிய ரோட்டுப் புகை அந்தக் கட்டடத்தைச் சுத்தி வந்து நம்ம ஜன்னல்ல விழுது. அது எழும்பின நாள்லேருந்து விழுதுப்பா. நான் அன்னிக்குத் தப்பான ஜன்னல்ல, தப்பான நேரத்துல அளந்தேன். அளந்துட்டு உங்ககிட்ட வந்து அப்படிப் பேசினேன். சின்னவளுக்கு வந்தது உங்க வண்டியால இல்ல.

— ஏங்க, உக்காருங்க. இவ ஏதோ சொல்றா. வண்டி எப்படியும் வயசான வண்டிதானே, நீங்களே சொன்னீங்க இல்ல?

— நல்ல வண்டிப்பா அது. என் வார்த்தையை நம்பிக் கொடுத்துட்டீங்க. அதை வாங்கினவர்கிட்டப் போய்க் கேக்கறேன். திரும்பக் கொடுக்க மாட்டாருன்னு தெரியும், இருந்தாலும் போய்க் கேக்கறேன். ஏதாவது சொல்லுங்கப்பா. திட்டணும்னா திட்டுங்க.

— வண்டி கிடக்கு, விடு.

— இல்லப்பா, நான்...

— வண்டி கிடக்குன்னேன்ல. முன்னாடி ஒண்ணு சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு.

— எதைப்பா?

— சின்னவ மூச்சை அடைச்சது நான் இல்லன்னு.

— நீங்க இல்லப்பா. நீங்க எப்பவுமே இல்ல.

— அவ நெஞ்சுல இருக்கிற புகை, என் கையிலேருந்து போனது இல்லதானே?

— இல்லப்பா.

— அப்ப... அவ போன் பண்ணா, இனிமே நான் எடுக்கலாமா?